இருபத்திரண்டு நிமிடம்

ராமாத்தாளுக்கு அமெரிக்காவில் கிடைத்த முதல் வேலை, பூங்கா வாசலில் நின்று ஆட்களை எண்ணுவது.

2004 ஜனவரி. அவள் கணவன் பத்மநாபன் எடிசன் என்ற ஊரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்து, அந்தக் காத்திருப்பின் நடுவே அவளுக்கும் வேலை செய்ய அனுமதி வந்திருந்தது. ஐந்து வருடம் வீட்டில் இருந்தவள், கிடைத்த முதல் வேலையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் குடியிருந்த ஐசலினிலிருந்து பத்து மைல் தள்ளி, ஆற்றங்கரையில் ஒரு பழைய தொழிற்சாலை நகரம். அந்த நகராட்சியின் பூங்காத் துறைக்குப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

துறையில் அவளுக்கு மேலே இருந்தவள் லினெட் என்ற பெண்மணி. விஷயத்தை முதல் நாளே சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். ஹாலோரன் பூங்காவில் இரண்டு வருடம் முன்பு ஒரு மைல் நடைபாதை போட்டு, வழி நெடுகத் தொங்கவும் தாவவும் வயிற்றை வளைக்கவும் ஒன்பது இடங்களில் இரும்புக் கம்பிகள் நட்டிருந்தார்கள். கோடையில் கூட்டம் வருகிறது. குளிர்காலத்தில் யாரும் வருவதில்லை என்கிறார்கள். அப்படியானால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை பாதையைச் சங்கிலி போட்டு மூடிவிடலாம், பனி அள்ளுகிற வேலை மிச்சம். மூடுவதற்கு முன்னால் கையில் ஒரு எண்ணிக்கை வேண்டும். அவ்வளவுதான்.

எண்ணுவது ராமாத்தாளுக்குப் புதிதில்லை. கல்யாணத்துக்கு முன் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் உதவியாளராக இருந்தவள். பருத்திச் செடியில் வெள்ளை ஈ எத்தனை என்று மூன்று வருடம் எண்ணியிருக்கிறாள். இங்கே கட்டை விரலால் அழுத்தினால் ஒன்று கூடுகிற சின்னக் கருவி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை பெரிய வாசலில் நின்றாள். முதல் வாரத்தின் சராசரி ஒரு நாளைக்கு ஏழு பேர். அதில் மூன்று பேர் நாயை இழுத்துக்கொண்டு வந்தவர்கள். ஒருவர் வழி கேட்டவர்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை மாலை பனி கொட்டியது. மறுநாள் பத்மநாபன் வீட்டிலிருந்தே வேலை செய்வதாகச் சொல்லிக் காரை அவளுக்குக் கொடுத்தான். தெரு எப்படி இருக்குமோ என்று பயந்து சீக்கிரமே கிளம்பியவள், ஏழரைக்கே பூங்காவுக்கு வந்து சேர்ந்தாள். எட்டு மணி வரை சும்மா நிற்பானேன் என்று நடைபாதையில் ஒரு சுற்றுப் போனாள். பனி மாவு சலித்துக் கொட்டியதுபோல் கிடந்தது. அதன் மேல் ஒரு நாய், ஒரு மனிதர், அவ்வளவு தடம்தான். கம்பிகளின் மேல் பனி உட்கார்ந்திருந்தது. ஒரு கைகூட அதைத் தொட்டிருக்கவில்லை.

பூங்காவின் பின்பக்கம் வந்தபோதுதான் அவள் நின்றாள். அங்கே அந்த நேரத்தில் ஆள் யாரும் இல்லை, ஆனால் ஒரு ஒற்றையடிப் பாதை மிதிபட்டுக் கிடந்தது. நடைபாதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய செங்கல் அடுக்குமாடிகள் இருந்த பக்கம் கம்பி வேலியில் ஒரு கம்பம் சாய்ந்திருந்தது. ஒருக்களித்தால் ஒரு ஆள் நுழையலாம். அங்கிருந்து கிளம்பிய தடங்கள் புல்வெளியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, பம்ப் ஹவுஸ் என்று எல்லோரும் சொல்கிற சின்னக் கட்டடத்தின் பின்சுவருக்குப் போயின. அங்கே பனி நன்றாக மிதிபட்டுச் சேறாகியிருந்தது. சுவரிலிருந்து இரண்டடிக்குப் பனியே இல்லை. சுவரைப் பார்த்து ஜோடி ஜோடியாகப் பாதங்கள், குதிகால் ஆழமாக அழுந்திய பாதங்கள், பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போன பாதங்கள். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாள். காலணியின் அடிப்பக்கக் கோலங்களை மட்டும் வைத்துப் பார்த்தாலே ஒன்பது விதம் இருந்தது.

ராமாத்தாள் கையுறையைக் கழற்றிச் செங்கல்லைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

வெள்ளை ஈயை இலையின் மேல்பக்கம் பார்த்து எண்ணினால் ஒன்றும் இருக்காது. இலையைத் திருப்ப வேண்டும். இரண்டு வாரமாகத் தான் இலையைத் திருப்பாமல் எண்ணிக்கொண்டிருந்தது அப்போது அவளுக்கு உறைத்தது.

திங்கட்கிழமை ஆறரைக்கே வந்துவிட்டாள். பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. சுவர் ஓரத்தில் எட்டு ஒன்பது பேர் இருந்தார்கள். ஒரு கொரியக் கிழவர், மருத்துவமனை ஊழியர் உடை மேல் கோட்டுப் போட்ட இரண்டு கறுப்பினப் பெண்கள், இன்னும் சிலர். சிலர் சுவரில் கை ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சிலர் சுவரோரமாக முப்பது தப்படிக்கு முன்னும் பின்னும் நடந்தார்கள். கையில் அட்டையும் நகராட்சி அடையாளச் சீட்டுமாக அவள் வருவதைப் பார்த்ததும் எல்லோரும் மெல்லக் கலையத் தொடங்கினார்கள். வேலியை அடைக்க வந்தவள் என்று நினைத்திருக்க வேண்டும். அவர்களை நிறுத்த அவசரமாக எட்டு வைத்ததில் கால் வழுக்கி, "அய்யோ சாமி" என்று உட்கார்ந்துவிட்டாள்.

பழுப்பு நிறப் பெரிய ஜாக்கெட்டுக்குக் கீழே கறுப்பு அங்கி தெரிய, முக்காட்டுக்கு மேல் கம்பளித் தொப்பி போட்டிருந்த ஒரு பெண்மணி திரும்பி வந்து கை நீட்டினாள்.

"தமிழா நீங்க?"

"ஆமாங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கமுங்க."

"நாங்க கீழக்கரை. எந்திரிங்க மொதல்ல, ஜீன்ஸெல்லாம் நனைஞ்சுருச்சு."

அவள் பெயர் அமீருன்னிசா. வயது ஐம்பத்திரண்டு. பக்கத்தில் நின்று சிரித்தவர் அவள் கணவர் ஹாஜா நஜ்முதீன். ஓக் ட்ரீ ரோட்டில் செல்ஃபோனும் ஃபோன் கார்டும் விற்கிற கடை வைத்திருந்தார். வேலிக்குப் பின்னால் இருந்த அடுக்குமாடியில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறார்கள். அமீருன்னிசாவுக்குச் சுகர். தினம் முக்கால் மணி நேரம் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நடைபாதையில் ஏன் நடப்பதில்லை என்று ராமாத்தாள் கேட்டாள். ஆற்றுக் காற்று நேராக முகத்தில் அறைகிறது, பனி அள்ளுகிற வண்டி மத்தியானம்தான் வருகிறது என்றார் ஹாஜா. அந்தக் கம்பிகளை ஏன் யாரும் தொடுவதில்லை என்று கேட்டதற்கு அமீருன்னிசா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கையுறையோடு பிடித்தால் வழுக்குகிறதாம். கழற்றிவிட்டுப் பிடித்தால் தோல் இரும்போடு ஒட்டிக்கொள்கிறதாம். இந்தச் சுவரைக் கண்டுபிடித்தது கொரியக் கிழவர். காலை வெயில் நேராக விழுகிறது, காற்றும் இல்லை, சுவரும் சூடாக இருக்கிறது. ஏன் சூடாக இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

அன்று முதல் ராமாத்தாள் தன் நேரத்தை மாற்றிக்கொண்டாள். ஆறரை முதல் ஒன்பதரை வரை சுவரடி, பிறகு வாசல். லினெட்டிடம் சொன்னபோது, எண்ணிக்கை சரியாக இருந்தால் எங்கே நின்றாலும் எனக்கு ஒன்றுதான் என்றுவிட்டாள். எத்தனை பேர் என்று மட்டும் குறித்தவள், இப்போது யார் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்றும் குறிக்கத் தொடங்கினாள். அதற்கு ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது.

இரண்டு வாரம் முடிந்து சமையல் மேஜையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது ஒரு விஷயம் தனியாக நின்றது. ஆண்கள் சராசரியாக ஐம்பத்தொரு நிமிடம் இருந்தார்கள். பெண்கள் இருபத்திரண்டு நிமிடம். ஹாஜாவும் அமீருன்னிசாவும் சேர்ந்துதான் வருவார்கள். ஆனால் அவள் முதலில் கிளம்பிவிடுவாள். அவர் பின்னால் அரை மணி கழித்துப் போவார்.

பெண்களுக்குக் குளிர் தாங்காது, அதனால்தான் என்றாள் லினெட். பத்மநாபனும் அதையேதான் சொன்னான். ராமாத்தாளும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அவள் ஒவ்வொரு நாளும் வெப்பநிலையையும் எழுதி வைத்திருந்தாள். பத்து டிகிரி ஃபாரன்ஹீட்டில் மூக்கு மரத்துப்போன நாளிலும் பெண்கள் இருபத்திரண்டு நிமிடம்; நாற்பது டிகிரிக்கு ஏறி எல்லோரும் ஜாக்கெட்டைத் திறந்துவிட்ட நாளிலும் அதே இருபத்திரண்டு. குளிர்தான் விரட்டுகிறது என்றால், குளிர் குறைந்த அன்றாவது நின்றிருக்க வேண்டும்.

ஒவ்வொருவரிடமும் கேட்டாள். மருத்துவமனைப் பெண், இரவு வேலை முடித்து வருகிறேன், தூக்கம் வருகிறது என்றாள். இன்னொருத்தி பிள்ளையை டேகேரில் விட வேண்டும் என்றாள். "அடுப்புல வேலை கெடக்கும்மா" என்றாள் அமீருன்னிசா. எல்லாம் நம்பும்படியான காரணங்கள்தான். எல்லாக் காரணமும் எப்படி இருபத்திரண்டாவது நிமிடத்தில் வருகிறது என்பதுதான் புரியவில்லை.

பதில் பிப்ரவரி முதல் வாரம் ஒரு புதன்கிழமை அவள் உடம்பிலேயே கிடைத்தது. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அன்று ஃபிளாஸ்கிலிருந்த தேநீர் முழுவதையும் ஏழு மணிக்கே குடித்துவிட்டாள். ஏழரைக்கு அடிவயிறு முட்டியது. பூங்காவின் ரெஸ்ட் ரூம் கதவில் பூட்டு. நவம்பர் பதினைந்து முதல் ஏப்ரல் ஒன்று வரை மூடப்பட்டிருக்கும் என்று ஒரு தகரப் பலகை. தெருமுனைப் பெட்ரோல் பங்குக்கு ஓடினாள். வாடிக்கையாளருக்கு மட்டும்தான் சாவி என்றான் அங்கிருந்தவன். ஒரு சூயிங்கம் வாங்கிச் சாவியைக் கையில் பெற்றபோது கண்ணில் தண்ணீர் நின்றது. திரும்பி நடக்கையில் அவள் தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள். கொரியக் கிழவர் நடுவில் ஒருமுறை மரங்களுக்குப் பின்னால் போய்வருவதை அவள் பல நாள் பார்த்திருக்கிறாள். ஹாஜாகூடப் போவார். அதை ஒரு தகவலாகவே அவள் எழுதி வைக்கவில்லை.

மறுநாள் அமீருன்னிசா கிளம்பும்போது வேலி வரைக்கும் கூடவே நடந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? பாத்ரூம் போறதுக்குத்தானுங்க சீக்கிரம் போறீங்க?"

அமீருன்னிசா நின்றாள். கணவர் காதில் விழாத தூரம்தான் என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

"சுகர்காரிம்மா நான். குளிரு வேற. ராத்திரி படுக்கும்போதே தண்ணி குடிக்கிறத நிப்பாட்டிருவேன். காலைல தொண்டை காஞ்சு போய்த்தான் வருவேன். அப்பயும் இருபது நிமிஷத்துக்கு மேல தாங்காது. இவுககிட்ட கூட சொன்னதில்ல. இதப் போயி எந்த ஆபீஸ்ல எழுதுவாக?"

"நான் எழுதறேனுங்க" என்றாள் ராமாத்தாள்.

மற்ற பெண்களிடம் அதே கேள்வியை நேராகக் கேட்டபோது எல்லோரிடமிருந்தும் ஒரே பதில் வந்தது. இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தி இத்தனை நாள் கழித்தா கேட்கிறாய் என்றாள்.

ரெஸ்ட் ரூமைத் திறக்க முடியாது என்று லினெட் உடனே சொன்னாள். அங்கே சூடேற்றும் வசதி இல்லை. சந்தேகம் இருந்தால் கோல்மனைக் கேட்டுக்கொள் என்றாள். கோல்மன் பூங்காவைப் பராமரிப்பவர். இருபத்தெட்டு வருடமாக அங்கேதான் இருக்கிறார். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒரு வருடம் மூடாமல் விட்டுக் குழாய் வெடித்து, தளம் முழுக்கப் பனிக்கட்டியாகி, ஏப்ரலில் எல்லாவற்றையும் பெயர்த்துப் போட்டதை அவர் பொறுமையாக விளக்கினார். ராமாத்தாள் தலையாட்டிக் கேட்டாள். பிறகு, அவளுக்கே உரிய ஆர்வத்தில், அப்படியானால் நாள் முழுக்க இங்கே இருக்கிற நீங்கள் எங்கே போவீர்கள் என்று கேட்டுவிட்டாள்.

 கோல்மன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பம்ப் ஹவுஸுக்கு நடந்தார்.

ஆற்று வெள்ளத்தை வெளியேற்றும் பம்புகள் உறைந்துவிடக் கூடாது என்று அந்தக் கட்டடத்தைக் குளிர்காலம் முழுக்கச் சூடாக வைத்திருந்தார்கள். சுவரின் கதகதப்புக்கு அதுதான் காரணம். உள்ளே, சுவரின் மறுபக்கம், அந்தச் சுவரிலேயே வெளியே திறக்கும் தனிக் கதவோடு ஊழியர்களுக்கான சின்னக் கழிவறை ஒன்று சுத்தமாக இருந்தது. வெளியே இரண்டடி தூரத்தில் நின்று இத்தனை பெண்களும் அடக்கிக்கொண்டு உடற்பயிற்சி செய்திருக்கிறார்கள்.

ராமாத்தாள் அன்றே லினெட்டின் அறைக்குப் போனாள். எனக்கு இரண்டு வாரம் கொடுங்கள், காலையில் நான் நிற்கிற நேரம் மட்டும் அந்தக் கதவு திறந்திருக்கட்டும், பெண்கள் எத்தனை நிமிடம் இருக்கிறார்கள் என்று பார்ப்போம் என்றாள். நான் கேட்டது எண்ணிக்கை, காரணம் அல்ல என்று லினெட் முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் அட்டவணையை வாங்கிப் பார்த்தாள். பத்து டிகிரி நாளும் நாற்பது டிகிரி நாளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த வரியில் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது. சாவி ராமாத்தாள் கையை விட்டுப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள்.

மூன்று நாள் நன்றாகப் போனது. நான்காவது நாள் காலை கோல்மன் கழிவறைப் படியில் வழுக்கி விழுந்து முழங்கை வீங்கிப்போனது. உள்ளே இருந்து கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வெளியே வந்து படியில் உறைந்திருந்தது. குழாய்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. யாரோ தண்ணீர் கொட்டியிருக்கிறார்கள் என்றார் கோல்மன். ராமாத்தாளிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பூட்டிய கதவைப் பார்த்ததும் அமீருன்னிசாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் முகம் சுண்டிப்போனது. கொஞ்ச நேரம் சுவரோரமாக நடந்தாள். பிறகு, கையில் கட்டோடு உப்புத் தூவிக்கொண்டிருந்த கோல்மனிடம் நேராகப் போனாள். ராமாத்தாளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"நான்தான் தண்ணி ஊத்துனேன்னு சொல்லுமா. எங்களுக்குக் கழுவணும். வீட்லேந்து பாட்டில்ல கொண்டாந்தேன். கீழ சிந்துனத நான் தொடைச்சிருக்கணும், தொடைக்கல. இவருக்கு அடிபட்டது என்னாலதான். மத்த பொம்பளைகளுக்குக் கதவ அடைக்க வேணாம்னு சொல்லு. நான் வேணா வரல."

கழிவறையில் பேப்பரைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒரு ஆணிடம், இந்த நாட்டுக்கு வந்து ஒருவரிடமும் ஆங்கிலத்தில் பேசியிராத ஒரு விஷயத்தை, ராமாத்தாள் எப்படியோ சொல்லி முடித்தாள். அவள் காது மடல்கள் சூடாகிவிட்டன. கோல்மன் சிரிக்கவில்லை. உப்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். தண்ணீர்தான் சுத்தம், அதில் தப்பில்லை என்றார். பம்ப் அறைக்குள் தரையில் வடிகால் ஒன்று இருக்கிறது. கழிவறைத் தரையை அந்தப் பக்கமாகச் சாய்த்துவிட்டால் தண்ணீர் வெளியே வராது. அதை அவரே செய்துவிடலாம். அந்த அம்மாள் நாளைக்கும் வர வேண்டும் என்று சொல் என்றார்.

ராமாத்தாள் அதைத் தமிழில் சொன்னாள். அமீருன்னிசா ஜாக்கெட் பையிலிருந்து ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தை எடுத்துக் கோல்மனின் அடிபடாத கையில் வைத்தாள்.

தரை வேலை முடிய ஒரு வாரம் பிடித்தது. கதவு மறுபடி திறந்தபின் இரண்டு வாரம் ராமாத்தாள் ஒரு நாள் விடாமல் நின்றாள். பெண்களின் சராசரி நாற்பத்தாறு நிமிடத்துக்கு ஏறியது. வருகிறவர்களின் எண்ணிக்கையும் ஒன்பதிலிருந்து இருபத்து மூன்றானது. அதில் பதினாறு பேர் பெண்கள். அதுவரை வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்று அமீருன்னிசா சொன்னாள். இடம் நெருக்கடியாகிவிட்டதென்று கொரியக் கிழவர் மட்டும் மூன்று நாள் கோபித்துக்கொண்டு வரவில்லை.

மார்ச் கடைசியில் அறிக்கை பதினொரு பக்கம் வந்தது. நடைபாதையில் குளிர்காலத்தில் ஆள் இல்லை என்பது உண்மை, ஆனால் பூங்காவில் ஆள் இருக்கிறார்கள் என்று அது தொடங்கியது. லினெட் அதை இரண்டு முறை படித்துவிட்டு மேலே அனுப்பினாள். நடந்ததெல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல முடியாது. அறிக்கையில் வேலி இடைவெளியைப் பற்றிப் படித்த வேறொரு பிரிவு, ஆபத்து என்று சொல்லி ஏப்ரலில் அதை முதல் வேலையாக அடைத்துவிட்டது. அடுக்குமாடிக்காரர்கள் அரை மைல் சுற்றி வர வேண்டியதாயிற்று. ராமாத்தாள் தன்னால் வந்த வினை என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. லினெட்தான் நான்கு கூட்டங்களில் உட்கார்ந்து சண்டை போட்டு, அதே இடத்தில் ஜூலையில் ஒரு சின்னக் கதவு வைக்கச் செய்தாள். நடைபாதையைக் குளிர்காலத்தில் மூடுவது என்று முடிவானது. ஒன்பது இடத்துக் கம்பிகளில் இரண்டு இடத்துக் கம்பிகளை மட்டும் பெயர்த்து, கை ஒட்டாதபடி ரப்பர் உறை போட்டு, சுவர் ஓரத்தில் நட்டார்கள். கழிவறை டிசம்பரிலிருந்து மார்ச் வரை காலை ஆறு முதல் பத்து வரை திறந்திருக்கும்.

ராமாத்தாளின் பன்னிரண்டு வாரம் இரண்டு முறை நீண்டு, கோடையோடு முடிந்தது. லினெட் எழுதிக் கொடுத்த கடிதத்தால் மாவட்டச் சுகாதாரத் துறையில் அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை பத்மநாபனை இழுத்துக்கொண்டு அவள் ஹாலோரன் பூங்காவுக்குப் போனாள். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். புதிதாக வந்த ஒரு பெண்ணுக்குச் சுவரில் எப்படிக் கை ஊன்ற வேண்டும் என்று அமீருன்னிசா காட்டிக்கொண்டிருந்தாள். தன் சுகர் இறங்கியிருப்பதையும், கடையைத் திறக்க நேரமாகிறதென்று ஹாஜா தினமும் முனகுவதையும் சொன்னாள். பத்மநாபன் பத்து முறை சுவரைத் தள்ளிவிட்டு மூச்சு வாங்க நின்றான். சுற்றிலும் ஒருமுறை பார்த்தான்.

"ஏன் எல்லாரும் கதவுக்கு இந்தப் பக்கமே நிக்கறாங்க? அந்தப் பக்கமும் சுவர் இருக்குதே."

ராமாத்தாள் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். அந்தப் பக்கம் ஒருவர்கூட இல்லை. இத்தனை மாதம் நின்றும் அவள் கண்ணில் அது படவில்லை.

"தெரியலயே" என்றாள். அமீருன்னிசாவைக் கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை. மூன்று பேரும் கையுறையைக் கழற்றிக்கொண்டு, சுவரைத் தொட்டுப் பார்க்க அந்தப் பக்கம் போனார்கள்.